ம்மேகூலா?

தான்சானியாவின் மொரோகோரோ நகரில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவை ஊரே 'மாமா' என்றுதான் கூப்பிட்டது. அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் மாமா என்றால் அம்மா. திண்டுக்கல்காரிக்கு மாமா என்றதும் வேட்டியும் மீசையும்தானே கண்ணில் வரும்! முதல் வாரம் முழுக்கப் பெயர் சொல்லாமலே சமாளித்தேன்.

அங்கே கணக்கு சொல்லிக்கொடுக்க வந்த தன்னார்வலர்கள் நாங்கள். செகண்டரிப் பள்ளியில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். பிறகு எங்களுக்கு எதற்கு இந்த மொழி வகுப்பு என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அரசுத் தொடக்கப்பள்ளி முழுக்கச் சுவாஹிலியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் 'டிரையாங்கிள்' என்றால் விழிக்கிறார்கள். 'பெம்பேடாட்டு' என்றதும் முகம் தெளிகிறது. பெம்பே என்றால் கொம்பு, மூலை. டாட்டு என்றால் மூன்று. நம்முடைய முக்கோணமேதான்.

இலக்கணமும் பயமுறுத்தவில்லை. நாம் வினைக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். 'நினசோமா'வில் நி என்பது நான், ந என்பது நிகழ்காலம், சோமா என்பது படி. 'படிக்கிறேன்' தலைகீழாக நிற்கிறது, அவ்வளவுதான். நம் 'படி' போலவே சோமாவுக்கும் வாசிப்பது, கல்வி கற்பது என்று இரண்டு பொருளும் உண்டு.

நான் இடறியது மரியாதையில். 'உமேகூலா?' என்றால் சாப்பிட்டியா. பெரியவரையும் அப்படித்தான் கேட்க வேண்டுமாம். எனக்கு நாக்கு எழவில்லை. பன்மையில் கேட்டால் 'சாப்பிட்டீங்களா' ஆகிவிடும் என்று நானே முடிவுகட்டி, ஒரு ராத்திரி மாமாவிடம் "ம்மேகூலா?" என்றேன். அவர் உகாலி என்கிற சோளமாவுக் களி கிண்டுவதை நிறுத்திவிட்டு முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "என்னோடு வேறு யார்?"

அங்கே மரியாதை வினைமுற்றில் இல்லை, வணக்கத்தில் இருக்கிறது. மூத்தவரைக் கண்டதும் 'ஷிகாமோ' சொல்ல வேண்டும். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பதுதான் அதன் மூலம் என்று மொழி ஆசிரியர் விளக்கினார். பெரியவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார். இதைச் சொல்லாமல் எத்தனை பன்மை போட்டாலும் மரியாதை தெரியாத பெண்தான். விஷயம் புரிந்த பிறகு, தண்ணீர்க் குழாயடியிலும் டலாடலா என்கிற மினிபஸ்ஸிலும் நரைத்த தலை கண்ணில் பட்டாலே ஷிகாமோதான்.

பயிற்சி வகுப்புக்காகப் பள்ளிக்குப் போன முதல் நாள், வராந்தாவில் ஒரு கூட்டம் பிள்ளைகள் நேராக நின்று, "ஷிகாமோ, ம்வாலிமு!" என்றார்கள். ம்வாலிமு என்றால் ஆசிரியர். பழக்க தோஷம், நானும் பதிலுக்கு "ஷிகாமோ!" என்று குனிந்தேன். ஒரு சின்னப்பயல் தன் காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.