ஆச்சியின் டபுளும் என் சிங்கிளும்

பங்குனி வெயிலில் குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை, கற்றுக்கொள்ள உட்கார்ந்தது முதல் தப்பு. கருநீல நூல் வாங்கியது இரண்டாவது. அழுக்குத் தெரியாதே என்று டவுன் ரத வீதியில் ஒரு பேன்சி கடையில் கருநீல அக்ரிலிக் நூலை வாங்கி வந்தேன். அழுக்கு தெரியவில்லைதான், போட்ட கண்ணியும் தெரியவில்லை. போதாததற்கு வியர்த்த கையில் நூல் ஒட்டிக்கொண்டு, அலுமினிய ஊசியில் நகரவே மாட்டேன் என்றது.

முதல் நான்கு நாள் வெறும் செயின் மட்டும். சுருக்கு முடிச்சு போட்டு, கொக்கியில் நூலைச் சுற்றி, கண்ணி வழியாக இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் என் செயின் ஆரம்பத்தில் கிணற்றுக் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. நடுவில் தொளதொளவென்று தொங்கியது. எதிர்வீட்டு ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "ஏளா, நூல் கூட சண்டையா போடுத? ஓலைப்பெட்டி முடையுத மாதிரிதான், கை இளகணும்" என்றார்.

ஆச்சிக்குத் திசையன்விளைப் பக்கம், பனங்காட்டு ஊர். அவர் காட்டிக் கொடுத்த இரண்டு விஷயங்களை எந்த வீடியோவிலும் நான் கவனிக்கவில்லை. இடது கை சுண்டுவிரலில் நூலை ஒரு சுற்று சுற்றி, ஆள்காட்டி விரல் மேலே விட வேண்டும். இறுக்குவதும் தளர்த்துவதும் அந்த விரல்தான். ஊசி பிடித்த கை இல்லை. அப்புறம், கண்ணி ஊசியின் கழுத்தில் உட்காரக் கூடாது, உடம்பில் உட்கார வேண்டும். கொக்கிக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் இடத்திலேயே நான் கண்ணியை இறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வரிசையில் ஊசி நுழைய இடம் எங்கே இருக்கும்?

சரி என்று வெளிர் சந்தன நிறத்தில் பருத்தி நூல் வாங்கினேன். ஊசி அதே 4 மில்லிமீட்டர்தான். அன்றைக்குத்தான் கண்ணியின் முகமே எனக்குத் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அம்புமுனை. அதன் இரண்டு இழைக்கும் அடியில் ஊசி போக வேண்டும். அதுவரை குத்துமதிப்பாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்து சிங்கிள் குரோஷே, குட்டையான அடிப்படைத் தையல். 20 கண்ணி வேண்டுமென்றால் 21 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்க வேண்டும். முதல் வரிசை 20. நான்காவது வரிசையில் எண்ணினால் 17. பின்னிய துண்டு, வாழையிலை நுனி மாதிரி ஒடுங்கிக்கொண்டே போயிருந்தது. வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் சுருண்டு ஒளிந்துகொள்ளும். அதை விட்டுவிட்டு நான் திரும்பியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு ஊக்கு மாட்டி வைக்கிறேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் கணக்கு நிற்கிறது.

பெரிய குழப்பம் மூன்றாவது வாரம் வந்தது. "இனி டபுள் போடு, பத்து வரிசை" என்று சொல்லிவிட்டு ஆச்சி கோயிலுக்குப் போய்விட்டார். நான் வீடியோ பார்த்து, முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, உள்ளே விட்டு, இரண்டிரண்டாக இழுத்து, பத்து வரிசையும் முடித்தேன். சும்மா இல்லை, 22 செயின் போட்டு நான்காவது செயினில் தொடங்கி, விட்ட மூன்றையும் ஒரு கண்ணியாகக் கணக்கு வைத்தேன். ஆச்சி திரும்பி வந்து பார்த்தார். "இது ட்ரெபிள்லா! டபுள் இவ்வளவு உயரம் வராது."

இரண்டு பேருக்கும் ரோஷம் வந்துவிட்டது. போனில் தேடிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அமெரிக்காவில் சிங்கிள் என்பதை இங்கிலாந்தில் டபுள் என்கிறார்கள். அமெரிக்காவில் டபுள் என்றால் இங்கிலாந்தில் ட்ரெபிள். தையல் ஒன்றுதான், பெயர் ஒரு படி தள்ளி இருக்கிறது. ஆச்சிக்குப் பள்ளித் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது இங்கிலாந்துக் கணக்கு. என் வீடியோ பேசியது அமெரிக்கக் கணக்கு.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பாதிரியார் கால்டுவெல்லின் மனைவி எலைசா, திசையன்விளைக்குப் பக்கத்து இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த சீமை இது. அந்த லேஸ் வேறு வேலை: திண்டில் ஊசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுவார்கள், கொக்கியே கிடையாது. ஆனாலும் வெள்ளை நூலைக் கண்டால் ஆச்சிக்கு அந்த ஊர் ஞாபகம்தான் வருகிறது.

என் நோட்டில் இப்போது ஆச்சி டபுள், வீடியோ டபுள் என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறேன். ஊக்கு மாட்டிய சதுரம் ஒன்று முடிந்து, தண்ணீர்ச் செம்புக்கு அடியில் கிடக்கிறது.

நேற்று வட்டம் ஆரம்பித்தேன். சிங்கிளில் (வீடியோ சிங்கிள்!) முதல் சுற்று 6, அடுத்து 12, அதற்கடுத்து 18 என்று கூட்டிக்கொண்டே போனால்தான் தட்டையாக வரும். டிவி பார்த்துக்கொண்டே போட்டதில் மூன்றாவது சுற்றிலிருந்து கூட்ட மறந்துவிட்டேன். அது குவிந்து சின்னக் கிண்ணமாகிவிட்டது. காலையில் பார்த்தால் அம்மா அதில் பூண்டு உரித்து வைத்திருக்கிறாள்.