கூலர் லைன் இரண்டு, வேக்கம் குழாய் ஒன்று

ஜனவரி 9

கியர்பாக்ஸ் ஏறிவிட்டது. மூன்று மாதமாகக் காருக்கு அடியில் வெறும் பொந்தாகக் கிடந்த இடம் இன்று மதியம் நிறைந்தது. 1970 ஷெவர்லே ஷெவெல், 350 வி8 இன்ஜின், அதன் பின்னால் டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அடிப்பக்கம் பார்த்தாலே இந்தப் பெட்டியை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆயில் தட்டு சதுரமாக இருக்கும், ஒரு மூலையை மட்டும் கத்தரித்தது போல வெட்டியிருக்கும், சுற்றிலும் 13 போல்ட்.

பெட்டியைப் பிரித்து ஓவரால் செய்தது ஒரு பட்டறை. ஏற்றி மாட்டுவது என் பொறுப்பு என்று நான்தான் வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். கனமான வேலை முடிந்தது. இனி மூன்று மெல்லிய குழாய்கள்தான் பாக்கி: கியர்பாக்ஸ் ஆயில் ரேடியேட்டருக்குப் போக ஒன்று, வர ஒன்று, மாடுலேட்டருக்கு (பெட்டிக்குள் ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன டப்பா) வேக்கம், அதாவது இன்ஜினின் உறிஞ்சல், போக ஒன்று. அரை நாள் வேலை என்று எழுதி வைக்கிறேன், பிறகு சிரிக்க உதவும்.

ஜனவரி 10

பழைய கூலர் லைன்களைக் கழற்றிக் கீழே போட்டுப் பார்த்தேன். 5/16 அங்குல இரும்புக் குழாய். ஒன்று பரவாயில்லை. இன்னொன்றை யாரோ ஒரு காலத்தில் நடுவில் அறுத்து, ரப்பர் ஹோஸ் செருகி, இரண்டு கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்த ஹோஸில் அச்சிட்டிருந்த எழுத்தைத் துடைத்துப் பார்த்தால் அது பெட்ரோல் ஹோஸ். சூடான டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கு அது ஆகாது. விரலால் அழுத்தியதும் பிஸ்கட் போல விரிசல் விட்டது. இத்தனை வருடம் இதை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன்.

"கூலர்" என்று பெயர் வைத்ததே தப்பு என்று எனக்குத் தோன்றும். ஆயிலைக் குளிர வைப்பது அந்த லைனின் பாதி வேலைதான். இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் கலங்கிச் சூடான ஆயில் வெளியே வந்து, ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் சின்னக் குழாயில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் அந்த ஆயில்தான் உள்ளே புஷ்களையும் கியர்களையும் நனைக்கிறது. லைன் நசுங்கினால் சூடு ஏறுவதோடு போகாது, பெட்டி உள்ளுக்குள் வறண்டே செத்துப்போகும்.

ஜனவரி 11

கூலரைக் கழுவினேன். இதைத் தவிர்க்கவே கூடாது. பழைய கிளட்ச் தட்டுகள் தேய்ந்த பொடியெல்லாம் அந்தக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும், புதிதாக ஓவரால் செய்த பெட்டிக்கு முதல் நாளே அதை ஊட்டிவிடும். ஒரு பக்கம் கரைப்பானை விட்டு, மறுபக்கம் காற்றடித்து, அப்புறம் திசையை மாற்றி மறுபடியும். முதலில் வந்தது சாம்பல் நிறச் சேறு, அதில் பித்தளை மினுமினுப்பு. நான்காவது முறைதான் தெளிவாக வந்தது. கடைசியாகக் கொஞ்சம் புது ஆயில் விட்டு அலசினேன்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரையும் பார்த்தேன். அந்த உள்குழாய் ஓட்டையாகியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் ஏறிய கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை உரிந்து வந்துவிடும், அப்புறம் பெட்டியை மறுபடி இறக்க வேண்டியதுதான். நல்லவேளை, பச்சை நிறக் கூலன்ட் கலந்த தண்ணீர் பச்சையாகவே இருந்தது.

ஜனவரி 13

புதுக் குழாய் வளைத்தேன். பழையதை மாதிரியாகத் தரையில் வைத்து, வளைப்பானில் ஒவ்வொரு வளைவாக. நேராக ஓடும் இடத்தில் பிரச்சினை இல்லை, ஆயில் தட்டின் ஓரத்தையும் சைலன்சர் குழாயையும் தாண்டும் இடத்தில்தான் பொறுமை சோதிக்கும். கையால் வளைத்தால் குழாய் தட்டையாகிவிடும்.

முனையில் ஃப்ளேர் போடுவதுதான், அதாவது குழாய் வாயைப் புனல் போல விரிப்பதுதான், இன்றைய பாடம். 45 டிகிரி, இரட்டை மடிப்பு. பந்தயக் கார் சாமான்களில் வருவது 37 டிகிரி. இரண்டையும் கலந்து மாட்டினாலும் நட் ஏறும், இறுகும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் தொடும், அதனால் ஒழுகும். என் டப்பாவில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. பிரித்து, வேறு வேறு டப்பாவில் போட்டேன்.

மகள் டார்ச் பிடித்தாள். அருமையாக ஒரு ஃப்ளேர் போட்டு முடித்ததும், "அப்பா, அந்த நட் உள்ளே போட வேண்டாமா?" என்றாள். அறுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

ஜனவரி 16

லைன்களைப் பெட்டியில் மாட்டினேன். பெட்டியின் வலது பக்கம், மேலும் கீழுமாக இரண்டு வாய். கீழ்வாயில் ஆயில் வெளியே போகும், மேல்வாயில் திரும்பி வரும்.

கை நடுங்கியது உண்மை. பெட்டி அலுமினியம், குழாயை அதோடு இணைக்கும் யூனியன் பித்தளை. சரிவு மரை உள்ள யூனியனை முறுக்க முறுக்க அது ஆப்பு மாதிரி இறங்கும். ஒரு சுற்று அதிகமானால் வாய் வெடித்துவிடும், அலுமினியம் முன்னறிவிப்பெல்லாம் தராது. யூனியனை முதலில் விரலால் மட்டும் ஏற்றினேன், இடறியபோதெல்லாம் முழுவதும் வெளியே எடுத்தேன். குழாய் நட்டும் அப்படித்தான். குழாயைப் பிடித்துக் கட்டும் கிளிப் எதையும் போடாமல், குழாய் தளர்வாக ஆடும்போதே நான்கு முனை நட்டையும் விரலால் ஏற்றிவிட வேண்டும். ஒரு முனையை இறுக்கிவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு வந்தால் கோணல் மரைதான் கிடைக்கும்.

இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர்: யூனியனைப் பிடிக்க ஒன்று, நட்டைத் திருப்ப ஃப்ளேர் நட் ஸ்பேனர் ஒன்று. யூனியனைப் பிடிக்காவிட்டால் ரேடியேட்டர் பக்கம் அதுவும் சேர்ந்து சுழன்று உள்குழாயை முறுக்கிவிடும்.

தனியாக இன்னொரு கூலர் வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் ரேடியேட்டருக்கு அப்புறம், திரும்பி வரும் லைனில் வைப்பேன். இந்தக் கார் எதையும் கட்டி இழுக்கப்போவதில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

ஜனவரி 17

ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று வாளி வைத்துப் பார்த்தேன். திரும்பி வரும் லைனைப் பெட்டியின் மேல்வாயில் கழற்றி, அதில் ஒரு ஹோஸ் மாட்டி, அளவு குறித்த பாத்திரத்துக்குள் விட்டேன். மகள் சாவியைத் திருப்பினாள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதலில் காற்று, துப்பல், அப்புறம் விரல் கனத்தில் சிவப்பு ஆயில். என் கணக்கு 30 வினாடிக்கு ஒரு லிட்டராவது வர வேண்டும். அதைத் தாண்டியே வந்தது. உடனே இன்ஜினை நிறுத்தச் சொன்னேன், பம்ப் காற்றை உறிஞ்சினால் அது வேறு வினை. வெளியே வந்த அளவைத் திரும்ப ஊற்றி, லைனையும் மாட்டினேன். ஒரு சொட்டு இல்லை. கொஞ்சம் கர்வமாக இருந்தது.

ஜனவரி 18

வேக்கம் குழாய்.

பழைய மாடுலேட்டரைப் பற்றி இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இரண்டு வருடமாக இந்தக் காரின் கியர்பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே வந்தது, தரையில் மட்டும் ஒரு சொட்டு கிடையாது. சைலன்சரில் வெண்புகை. பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். பெட்டியை இறக்கும்போது மாடுலேட்டரின் ரப்பர் ஹோஸை உருவினால் உள்ளேயிருந்து சிவப்பு ஆயில் வழிந்தது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. இன்ஜின் உறிஞ்சும் உறிஞ்சலில் கியர்பாக்ஸ் ஆயில் மேனிஃபோல்ட் (இன்ஜினுக்குள் காற்று போகும் பாதை) வழியாகப் போய் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்தச் சின்னத் தகர டப்பா செய்யும் வேலை அழகானது. ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது மேனிஃபோல்டில் வேக்கம் அதிகம், அது சவ்வை ஸ்பிரிங்குக்கு எதிராக இழுக்கும், பெட்டிக்குள் ஆயில் அழுத்தம் குறையும். அழுத்தி மிதித்தால் வேக்கம் விழும், ஸ்பிரிங் ஜெயிக்கும், அழுத்தம் ஏறும், கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்கும். இன்ஜின் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பது கியர்பாக்ஸுக்குத் தெரிவது இந்தக் குழாய் வழியாகத்தான்.

புதியதை மாட்டும் முன் கைப்பம்பால் 18 அங்குலம் பாதரச அளவுக்கு இழுத்து ஐந்து நிமிடம் விட்டேன், முள் அசையவில்லை. கழுத்தில் ஓ ரிங், வெளியே ஒரு பிடி, ஒரே ஒரு போல்ட். மேலே இருந்து கீழே வருவது இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் குட்டி ரப்பர் ஹோஸ் மட்டும். முழு நீளத்துக்கும் ரப்பர் போட்டால் சைலன்சர் சூட்டில் இளகி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும்.

கார்புரேட்டர் பக்கம் இரண்டு ஹோஸ் தொங்கின. டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) போகும் ஹோஸை ஒரு முனையில் செருகி, காலியாக இருந்த மறுமுனையில் இதை மாட்டினேன். இன்ஜின் கொஞ்சம் வேகமாக ஓடியது, ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தேன். முடிந்தது.

ஜனவரி 24

ஓட்டினேன். சந்தோஷமாக எழுத ஒன்றுமில்லை.

பார்க்கிலிருந்து டிரைவ் போட்டதும் பின்னால் யாரோ சம்மட்டியால் அடித்தது போல "டம்". ரிவர்ஸிலும் அதே. ஓட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, இரண்டு மாற்றமும் பரவாயில்லை. நிறுத்தப்போகும்போது மறுபடி ஓர் இடி.

பட்டறை அண்ணனுக்குக் கோபமாக ஒரு செய்தி அனுப்பினேன். பதில் ஒரு வரிதான்: "வேக்கம் எங்கேருந்து எடுத்தீங்க தம்பி?" பழியை என் மேல் தள்ளுகிறார் என்று எரிச்சலாக வந்தது. பதில் போடவில்லை.

ஜனவரி 25

தூக்கம் வராமல் யோசித்ததில் ஒன்று புரிந்தது. மிதிக்கும்போதெல்லாம் பெட்டி சாது. இடி விழுவது எப்போதும் கால் ஆக்சிலரேட்டரில் இல்லாதபோதுதான். பெட்டி கெட்டிருந்தால் என் காலைப் பார்த்தா அடிக்கும்?

காலையில் மாடுலேட்டர் முனையில் ஹோஸை உருவி வேக்கம் மீட்டர் மாட்டினேன். இன்ஜின் சும்மா ஓடுகிறது, முள் பூஜ்யத்தில். லேசாக மிதித்தேன், முள் துள்ளி எழுந்தது. விட்டேன், விழுந்தது.

நான் மாட்டிய முனை கார்புரேட்டரில் திராட்டில் தகட்டுக்கு (மிதித்தால் திறந்து காற்றை விடும் மூடி) மேலே திறப்பது. தகடு மூடியிருக்கும்போது அங்கே உறிஞ்சலே கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டிய முனை அது. மேனிஃபோல்டில் எப்போதும் உறிஞ்சும் முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸ் உட்கார்ந்திருந்தது. அந்த உறிஞ்சலில் டிஸ்ட்ரிபியூட்டர் தீப்பொறியை முன்கூட்டியே தரும்; இன்ஜின் ஏன் வேகமாக ஓடியது என்பதற்கும் இதுவே விடை, நான்தான் ஸ்க்ரூவைக் குறைத்து அந்தச் சாட்சியின் வாயை மூடிவிட்டேன். சும்மா நிற்கும் காரில் கியர்பாக்ஸுக்குக் கிடைத்த தகவல் "முழு பாரம்" என்பது. அது முழு அழுத்தத்தோடு பிடித்திருக்கிறது. அதன் மேல் என்ன தப்பு?

இரண்டையும் மாற்றி மாட்டினேன். ஐடில் விழுந்தது, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். மீட்டர் 18 காட்டி அசையாமல் நின்றது. டிரைவ் போட்டேன். கார் லேசாகக் குந்தியது, அவ்வளவுதான்.

ஜனவரி 26

ஒரு மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, இன்ஜின் ஓடும்போதே ஆயில் அளவு பார்த்தேன். கொஞ்சம் குறைவு, அரை லிட்டருக்கும் கீழே விட்டேன். அடியில் விரித்த செய்தித்தாளில் ரேடியேட்டர் பக்கம் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. மேல் நட்டைக் கால் சுற்று இறுக்கினேன், யூனியனைப் பிடித்துக்கொண்டுதான்.

அண்ணனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கவில்லை.

"டிஸ்ட்ரிபியூட்டர் முனைதானே?" என்றார்.

"ஆமாண்ணே."

"ஐடில் ஸ்க்ரூவையும் திருப்பியிருப்பீங்களே?"

பிப்ரவரி 2

செய்தித்தாள் மாற்றி ஒரு வாரம். பொட்டு இல்லை. ஆயில் அளவு அதே கோட்டில். வெண்புகையும் போய்விட்டது. பிஸ்டன் ரிங் வாங்க எழுதி வைத்திருந்த சீட்டைக் கிழித்துப் போட்டேன்.