எஸ்ஸெண்டனின் வேகக்காரர்கள்: ஒரு நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 18, மெல்பர்ன்

எஸ்ஸெண்டன் என்னும் மெல்பர்ன் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துக் கழகத்துக்காக ஆடியவர்களில் அதிவேகமானவர் யார் என்ற கேள்விக்கு எனக்கென ஒரு விடையைத் தேடிக்கொள்ளும் எண்ணத்தில் இக்குறிப்புகளைத் தொடங்குகிறேன். இன்றைய ஆட்டக்காரர்கள் தோள்பட்டைகளுக்கு நடுவே சிறிய ஜி.பி.எஸ். கருவியை அணிந்து ஆடுவதால் அவர்களுடைய ஒவ்வோர் ஓட்டமும் பதிவாகிவிடுகிறது. இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முகாமில் 20 மீட்டரை 2.9 நொடிக்குள் ஓடி முடிப்பவரை எல்லாக் கழகங்களும் உற்றுக் கவனிக்கின்றன. ஆனால் 1923-இல் ஆடியவருக்கோ 1949-இல் ஆடியவருக்கோ அப்படிப்பட்ட எண் எதுவும் இல்லை. ஆகவே எண்களை ஒதுக்கிவிட்டு, பந்து கையில் இருக்கும்போதும் எதிராளி துரத்தி வரும்போதும் குறையாத வேகம் யாரிடம் இருந்தது என்பதையே அளவாகக் கொள்ளப் போகிறேன்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் இந்த அளவுகோலுக்கு வலுவான காரணம் உண்டு. திடலின் நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை இருக்கலாம். ஓடுவதற்கு இடம் ஏராளம். எனினும் பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் அடித்தோ, தரையில் தொட்டோ எடுத்தாக வேண்டும். தடகளத்தில் மின்னலாக ஓடும் பலர் இந்த விதியிடம் தோற்றுப்போகிறார்கள்.

ஏப்ரல் 19

கதை கொசுப்படையிலிருந்து தொடங்குகிறது. கிழக்கு மெல்பர்னில் இருந்த திடலை ரயில்வே எடுத்துக்கொண்டதால், 1922-இல் கழகம் எஸ்ஸெண்டன் பகுதியில் உள்ள விண்டி ஹில்லுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும், 1923-இலும் 1924-இலும், பிரீமியர்ஷிப் எனப்படும் லீக்கின் ஆண்டுப் பட்டம் அதன் வசமானது. ஆறடி உயர ஆட்கள் மோதிக்கொள்ளும் இந்த ஆட்டத்தில், அந்த அணியில் ஆறு பேர் ஐந்தரை அடியைத் தாண்டாதவர்கள். சார்லி ஹார்டி, ஃபிராங்க் மாஹர் போன்ற அந்தச் சிறிய உருவத்தினரைக் கூட்டாகவே கொசுப்படை என்று அழைத்தார்கள். அவர்களில் ஒருவரைத் தனியே பிரித்து இவரே விரைவானவர் என்று சொல்ல என்னால் இயலாது. ஆனால் வேகத்தை நம்பி ஓர் அணியையே அமைக்கலாம் என்பதை இக்கழகம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டியது என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள்

விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் உள்ள ஸ்டாவெல் என்னும் சிற்றூரில் இன்று ஸ்டாவெல் கிஃப்ட் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. 1878-இல் தொடங்கிய இந்தப் போட்டியில் 120 மீட்டரைப் புல்தரையில் ஓடுகிறார்கள். ஒவ்வொருவருடைய திறமையையும் கணித்து, வல்லவரைப் பின்னாலும் மற்றவர்களைச் சில மீட்டர் முன்னாலும் நிறுத்திப் புறப்பட வைப்பார்கள். பணப்பரிசு உள்ள ஓட்டம் என்பதால் அந்நாளைய கால்பந்துக்காரர்கள் பலர் கோடைக்காலத்தில் இத்தகைய ஓட்டங்களில் கலந்துகொண்டார்கள்.

அவர்களுள் ஒருவர் நார்ம் மெக்டொனால்ட். பூர்வகுடியைச் சேர்ந்த அவர் 1947 முதல் 1953 வரை எஸ்ஸெண்டனுக்காக 128 ஆட்டங்கள் ஆடினார். டிக் ரெனால்ட்ஸ் தலைவராகவும் பயிற்றுநராகவும் இருந்து நடத்திய அணியில், 1949, 1950 ஆகிய ஆண்டுகளின் பிரீமியர்ஷிப் வெற்றிகளில் பங்குகொண்டார். 1951-இல் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். அந்த அணியைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் ஜான் கோல்மனின் கோல்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது நியாயமே. ஆனால் மெக்டொனால்ட் நின்றது ஹாஃப்-பேக் என்னும் தற்காப்பு வரிசையில். எதிரணியின் தாக்குதல் முறியும் இடத்தில் பந்தை எடுத்து, தம்மைச் சுற்றியிருப்பவர்கள் திரும்புவதற்குள் திறந்தவெளிக்குப் போய்விடும் ஒருவர் அங்கே இருந்தால், தற்காப்பு என்பதே தாக்குதலின் தொடக்கமாகிவிடுகிறது. இன்று எல்லா அணிகளும் விரும்பிக் கையாளும் இந்த உத்தியை அவர் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தம் கால்களால் செய்துவந்தார். அவருடைய பெயர் இன்று இவ்வளவு குறைவாகவே உச்சரிக்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஏப்ரல் 26

நேற்று, போரில் உயிர்நீத்தவர்களை நினைவுகூரும் அன்சாக் தினம். எம்.சி.ஜி. எனப்படும் மெல்பர்ன் கிரிக்கெட் திடலில் எஸ்ஸெண்டனும் காலிங்வுட்டும் 1995 முதல், 2020 நீங்கலாக, ஆண்டுதோறும் இந்நாளில் மோதுகின்றன. 2005-இல் ஆட்டநாயகர் பதக்கத்தைப் பெற்ற ஆண்ட்ரூ லோவெட்டும் எஸ்ஸெண்டனின் வேகக்காரர்களில் ஒருவர்தான். ஆயினும் என் பட்டியலின் முதல் வரிசையில் அவரைச் சேர்க்க மாட்டேன்.

இன்று காலை எங்கள் பகுதித் திடலில் பதின்பருவத்தினர் பயிற்சி செய்வதை அருகில் நின்று பார்த்தேன். நீள்வட்டப் பந்தின் முன்முனையைச் சற்றே தாழ்த்திப் பிடித்து, உடலுக்கு முன்னால் தள்ளி அடித்தால் அந்த முனை தரையில் பட்டு, பந்து சாய்வாக எழும்பிக் கைக்குத் திரும்புகிறது. முனைக்குப் பதிலாக வயிற்றுப்பகுதி தரையில் பட்டால் பந்து தாழ்வாக வழுக்கிப் போய்விடும். மெதுவாக ஓடும்போது எல்லாரும் இதைச் சரியாகவே செய்தார்கள். பயிற்றுநர் வேகத்தைக் கூட்டச் சொன்னதும் ஒருவர் பின் ஒருவராகத் தடுமாறினார்கள். வேகம் கூடக்கூடப் பந்தை இன்னும் முன்னே தள்ளி அடிக்க வேண்டும், இல்லையெனில் ஓடுபவர் தம் பந்தையே முந்திச் சென்றுவிடுவார். ஒரு சிறுமி மட்டும் தலையைக் குனியாமல், பார்வையைக் கோல் கம்பங்களில் வைத்தபடி, அடியின் நீளம் மாறாமல் மூன்று முறை அடித்து எடுத்து ஓடினாள். பந்து இல்லாத ஓட்டத்தில் அவளை முந்தியவர்கள் இந்த ஓட்டத்தில் அவளை நெருங்கவே இல்லை.

மே 3

மைக்கேல் லாங்கைப் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்பு நகராது.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள திவித் தீவுகளில் வேர்கொண்ட பூர்வகுடிக் குடும்பத்தில் பிறந்து, டார்வினிலும் பின்னர் அடிலெய்டிலும் ஆடிவிட்டு, 1989-இல் எஸ்ஸெண்டனுக்கு வந்த லாங், 2001 வரை 190 ஆட்டங்கள் ஆடினார். 1993-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தின் முதல் காற்பகுதியில் அவர் அடித்த கோலை நான் பதிவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நடுத்திடலில் பந்தோடு கிளம்புகிறார். கார்ல்டன் அணியினர் பக்கவாட்டிலிருந்து அவரை அடைக்க வருகிறார்கள். அவர்கள் எந்தக் கோணத்தைக் கணித்து ஓடிவருகிறார்களோ அந்தக் கோணத்தை அவர் அதற்குள் கடந்திருக்கிறார். பந்தைத் தரையில் அடித்து எடுக்கும் கணத்திலும் அவருடைய தோள்கள் சாயவில்லை, அடிகள் குறுகவில்லை. உதைக்கும் தருணத்தில்கூட அவசரம் தெரியவில்லை. எஸ்ஸெண்டன் 133-க்கு 89 என்ற கணக்கில் வென்ற அந்த ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரருக்குரிய நார்ம் ஸ்மித் பதக்கம் லாங்குக்குக் கிடைத்தது. அதை அவருக்கு அணிவித்தவர், 1982-இல் அதே பதக்கத்தைப் பெற்ற, திவித் தீவுகளையே சேர்ந்த மாரிஸ் ரியோலி.

அந்த அணியில் இன்னொரு வேகம் இருந்தது. கவின் வங்கனீன் அப்போது இருபது வயது இளைஞர். பேக் பாக்கெட் என்னும் தற்காப்பின் கடைசி மூலையில் நின்றபடியே, லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய அந்த ஆண்டின் பிரவுன்லோ பதக்கத்தை வென்றார். லாங்கின் வேகம் நீண்ட ஓட்டத்தில் வெளிப்பட்டது என்றால், வங்கனீனின் வேகம் முதல் மூன்று அடிகளில் இருந்தது.

மே 4

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பூர்வகுடி ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது, வேகம் அவர்களுக்கு இயல்பாகவே வாய்த்தது என்று பாராட்டுவது போலச் சொல்லிவிட்டு, மற்றவர்களுடைய உழைப்பையும் அறிவையும் மட்டும் விரித்துரைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இது அநீதி. அடைக்க வருபவரின் கோணத்தைக் கணித்து முன்கூட்டியே திசையை மாற்றுவது மூளையின் வேலை; வேகம் குறையாமல் பந்தை அடித்து எடுப்பது பல்லாண்டுப் பயிற்சியின் பயன். 1995 அன்சாக் தின ஆட்டத்தில் தம்மை இனத்தைச் சொல்லி இழித்துப் பேசியதை லாங் பொறுத்துக்கொண்டு போகாமல் முறையிட்டதால்தான், ஆட்டத்தில் இனவெறிப் பேச்சுக்கு எதிரான விதியை லீக் அவ்வாண்டே கொண்டுவந்தது. அவருடைய கால்களை மட்டும் புகழ்பவர்கள் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மே 17

அண்மைக் காலத்திலிருந்து இருவர். கோல்டு கோஸ்ட் கழகத்திலிருந்து வந்து 2018 முதல் 2020 வரை எஸ்ஸெண்டனில் ஆடிய ஆடம் சாத், மெக்டொனால்ட் நின்ற அதே ஹாஃப்-பேக் வரிசையிலிருந்து பந்தை அடித்து அடித்து ஓடியபோது, அரங்கத்தின் குரல் ஒவ்வோர் அடிக்கும் உயர்ந்தது. லெபனான் வழிவந்த முஸ்லிமான அவர் தம் நோன்பைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுபவர். பின்னர் அவர் கார்ல்டனுக்குப் போய்விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மற்றவர் அயர்லாந்தின் டைரோனைச் சேர்ந்த கானர் மெக்கென்னா. உருண்டைப் பந்தில் கேலிக் கால்பந்து ஆடி வளர்ந்தவர், இங்கே வந்து நீள்வட்டப் பந்தைப் பழகி, எஸ்ஸெண்டனுக்காக 79 ஆட்டங்கள் ஆடினார். ஊர் திரும்பி 2021-இல் டைரோனோடு அகில அயர்லாந்துப் பட்டத்தையும், மீண்டும் வந்து 2024-இல் பிரிஸ்பேனோடு பிரீமியர்ஷிப்பையும் வென்றார். வேகம் இருந்தால் மற்றவற்றைக் கற்றுக்கொடுக்கலாம் என்று சொல்லும் பயிற்றுநர்களுக்கு அவர் நல்ல சான்று.

மே 24

பூர்வகுடித் தலைவரான சர் டக் நிக்கல்ஸின் பெயரில் லீக் நடத்தும் ஆட்டச் சுற்று நடந்துவருகிறது. ஃபிட்ஸ்ராய் அணிக்காக ஆடிய நிக்கல்ஸும் 1929-இல் நையா, வாரக்நபீல் ஆகிய ஊர்களின் கிஃப்ட் ஓட்டங்களை வென்றவர். இந்தச் சுற்றில் எஸ்ஸெண்டனும் ரிச்மண்டும் ஆடும் ஆட்டத்துக்கு முன்பாக, லாங் 2004-இல் பிரதமரைச் சந்திக்கக் கான்பெராவை நோக்கி மேற்கொண்ட நடைப்பயணத்தின் நினைவாக, மக்கள் திரளாகத் திடலுக்கு நடந்து செல்கிறார்கள்.

என் வரிசையை இன்று எழுதி முடிக்கிறேன். முதலிடம் நார்ம் மெக்டொனால்டுக்கு: தொழில்முறை ஓட்டக்காரர்களோடு ஓடிய கால்களை, இன்றைய சீரான புல்தரை இல்லாத சேற்றுத் திடல்களிலும் ஆட்டத்துக்குப் பயன்படுத்தியவர் அவர். இரண்டாமிடம் லாங்குக்கு. மிகப் பெரிய நாளில் மிக அழகாக ஓடியவர் யார் என்று கேட்டால் அவரையே முதலில் சொல்வேன். வெறும் வேகத்தில் மட்டும் மெக்டொனால்ட் ஓரடி முன்னே நிற்கிறார். மூன்றாமிடம் சாத்துக்கு. வங்கனீனுக்கும் மெக்கென்னாவுக்கும் அடுத்த இரண்டு இடங்கள். கொசுப்படையினரை வரிசைக்குள் கொண்டுவராமல், அறுவரையும் ஒன்றாகவே பட்டியலின் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.