பையன் ஸ்கேலில் மத்தி அளந்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தி ஆய உட்கார்ந்தபோது, மேசையில் கிடந்த பையனின் ஸ்கேலை எடுத்து ஒரு மீனை அளந்தேன். வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை பன்னிரண்டரை சென்டிமீட்டர். இன்னும் நாலைந்தை எடுத்து வைத்துப் பார்த்தேன், எல்லாம் அதே கணக்கு. ஒன்றின் வயிற்றிலும் சினை இல்லை.

கிருஷ்ணகிரியில் மீன் என்றால் முதலில் கே.ஆர்.பி. அணை மீன்தான். கடல் மீன் ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்க லாரியில் வர வேண்டும். அதில் எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாவது மத்தி ஒன்றுதான். புளி கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, மாங்காய்க் காலமென்றால் ரெண்டு துண்டு போட்டு, ராகிக் களிக்கு அந்தக் குழம்பு. கொதிக்கும்போது மேலே மிதக்கும் நெய்யைப் பார்த்துத்தான் மாமியார் மீனுக்கு மார்க் போடுவார்.

இடையில் சில வருடம் அந்த மத்தியே கண்ணில் படவில்லை. கேட்டால், "கேரளாக்காரங்களுக்கே இல்லையாம்க்கா" என்பார் மீன்காரத் தம்பி. சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கைப் பார்த்தால், 2012இல் கேரளத்தில் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி பிடித்திருக்கிறார்கள். 2021இல் வெறும் 3,297 டன்! நூறு கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட இல்லை. மத்தி தின்பது கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளை. மழைக்காலத்தில் அடிக்கடல் தண்ணீர் மேலே வந்தால்தான் அந்த இரை பெருகும். 2015 எல் நினோ போல கடல் சூடாகும் வருடங்களில் மத்திக்குப் பஞ்சம். போதாததற்குக் குஞ்சுகளையும் வலை விடுவதில்லை.

சரி, மீன் திரும்பி வந்துவிட்டது. 2023இல் 1.38 லட்சம் டன். 2024இல் மழைக்குப் பிறகு கரையில் குவிந்த குவியலில் கிலோ இருபது முப்பது ரூபாய்க்கு இறங்கியதாம். ஆனால் எல்லாம் பொடி. ஒரே நேரத்தில் அத்தனை குஞ்சும் பிழைத்ததால் ஆளுக்கு இரை போதாமல் வளர்ச்சி நின்றுவிட்டது என்கிறார்கள். பந்தியில் கூட்டம் அதிகமானால் கடைசி வரிசைக்கு ரசம்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. கேரளத்துச் சட்டப்படி 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைத்தான் பிடிக்கக் கூடாது. அது முதல் முறை சினை பிடிப்பதோ ஏறக்குறைய 15 சென்டிமீட்டரில். அப்படியென்றால் என் அரிவாள்மனையில் கிடந்தவை சட்டத்துக்குப் பெரியவை, முட்டை போடச் சின்னவை. அந்த 10ஐக் கொஞ்சம் ஏற்றினால்தான் என்ன? சினை மத்திக்கு நாக்கைத் தொங்கப் போடும் நான் இதைச் சொல்லலாமா என்பது தனிக் கேள்வி.

தம்பியிடம் பெரிசாகக் கேட்டேன். "இருக்குக்கா, ரேட்டுதான் வேற" என்றார். அரைக் கிலோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஸ்கேலில் இன்னும் கவிச்சி போகவில்லை. பையனுக்குப் புதுசு வாங்கியாயிற்று.