அத்தைக்கு மறதி இல்லை

"அந்தக் குழந்தைங்களை உட்காரச் சொல்லு, எவ்வளவு நேரம் நின்னுட்டே இருப்பாங்க?" என்றார் அத்தை. அறையில் நானும் அவரும் மட்டும்தான். ஆனால் காலையில் யார் போன் செய்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அப்படியே நினைவிருந்தது. அதனால் டிமென்ஷியா (மூளை பாதித்து நினைவும் சிந்தனையும் மங்கும் நோய்) என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லூயி பாடி டிமென்ஷியா என்றார் நரம்பியல் மருத்துவர். மூளை செல்களுக்குள் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடுமாம். இல்லாத உருவங்கள் தெரியும், ஒரு நாள் தெளிவு, மறுநாள் குழப்பம், நடை தளரும். தூக்கத்தில் கை காலை உதறுவார்கள் (அத்தை வருஷக்கணக்கில் தூக்கத்தில் சண்டை போட்டார், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்). டிமென்ஷியாவில் பல வகை உண்டு, எந்த வகை என்று தெரிவது முக்கியம். பிரமையை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் இவர்களுக்கு ஆபத்தாகவே முடியலாம்.

1906இல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விவரித்த, அவர் பெயரிலேயே வழங்கும் அல்சைமர் நோய் வேறு வகை. அதில் பெரும்பாலும் நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் முதலில் அடிவாங்கும், புதிய நினைவுகள் தங்காது. ரத்தக்குழாய்ப் பாதிப்பால் வரும் வகையில், பல சமயம் படி இறங்குவது போல நிலைமை திடீர் திடீரென மோசமாகும். மூளையின் முன்பகுதி தேய்ந்தால் நினைவு ஓரளவு நிற்கும், குணம்தான் மாறும்: கூச்சம் போகும், பரிவு போகும். அதைத் திமிர் என்று நினைத்துச் சண்டை போடும் வீடுகள் எத்தனையோ.

இப்போதெல்லாம் "அங்கே யாரும் இல்லை" என்று அத்தையிடம் வாதாடுவதில்லை. நேற்று அந்த மூலையில் விளக்கைப் போட்டு, நாற்காலியில் தொங்கிய துண்டை எடுத்தேன். "போயிட்டாங்க" என்றார்.