கீழக்கரை மாடி வீட்டில் போர்ட்டபிள் ஏசி: ஏப்ரல் முதல் ஜூன் வரை

எங்கள் வீடு கீழக்கரையில் ஒரு அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூட்டை உள்ளே இறக்க ஆரம்பிக்கும். உம்மாவுக்கு வயது 71. போன வருஷக் கத்திரியில் பாதி ராத்திரிகளை வராண்டா நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தார்கள். இந்த வருஷம் அப்படி விடக்கூடாது என்று மார்ச்சிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஸ்பிளிட் ஏசிக்கு வீட்டுக்காரக் காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சம்மதிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதல் மாடியில் முன்பு குடியிருந்தவர்கள் வெளியே மாட்டிய யூனிட்டின் இரும்புத் தாங்கி, உப்புக்காற்றில் நான்கே வருஷத்தில் செதில் செதிலாக உதிர்ந்து, யூனிட் ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடம். "வேற என்ன வேணும்னாலும் செய்யுங்க தம்பி, செவுத்துல மட்டும் கை வைக்க வேணாம்" என்றார்.

ஏர் கூலரை நான் யோசிக்கவே இல்லை. மதுரைப் பக்கம் அது நன்றாக வேலை செய்யும், அங்கே காற்று காய்ந்திருக்கும். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. எங்கள் படுக்கையறையில் நான் வைத்திருக்கும் ஈரமானி ராத்திரி ஈரம் 80 சதவீதம் என்று காட்டும். அந்தக் காற்றில் இன்னும் எவ்வளவு தண்ணீர் ஏறும்? உடம்பில் பிசுபிசுப்புதான் கூடும். போர்ட்டபிள் ஏசி கேட்டால் கடையில் கூலரைக் காட்டுவார்கள், கவனமாக இருக்க வேண்டும். கம்ப்ரஸரும், சூட்டை வெளியே தள்ளும் தடித்த குழாயும் இருந்தால்தான் அது ஏசி.

அளவு பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட் குளிர்ச்சி. ஒரு அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்த அளவு. எங்கள் அறை 10க்கு 11 அடி. ஸ்பிளிட் என்றால் 1 டன் தாராளம். ஆனால் ஒற்றைக் குழாய் போர்ட்டபிள், அதாவது சூட்டை வெளியே தள்ளும் குழாய் மட்டும் உள்ளது, பெட்டியில் போட்ட எண்ணை அறைக்குள் அப்படியே தருவதில்லை. அமெரிக்காவில் 14,000 பி.டி.யு. என்று விற்கிற ஒற்றைக் குழாய் இயந்திரம், அங்குள்ள எரிசக்தித் துறையின் புதிய அளவீட்டில் 10,000-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். இது தெரிந்தேதான் வாங்கினேன். இரட்டைக் குழாய் உள்ளதை ராமநாதபுரத்தில் மூன்று கடைகளில் கேட்டேன், கிடைக்கவில்லை. 1 டன் ஒற்றைக் குழாய், 34,000 ரூபாய்.

ஏப்ரல் 6

ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டு வந்ததால் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் ஓட்டினேன். கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்க அவகாசம் வேண்டும். அறையில் 6 ஆம்பியர் பிளக்தான் இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் போர்டிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் தனியாக இழுத்து 16 ஆம்பியர் போட்டேன். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டும் இதை யாரும் சொருக வேண்டாம். மணிக்கணக்கில் ஓடும்போது அதன் ஒயர் சூடேறி இளகிவிடும்.

அடுத்தது ஜன்னல். கூடவே வந்த ஜன்னல் பட்டை, தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னலுக்கானது. நம்மூர் வீடுகளில் வெளியே திறக்கும் கதவு, நடுவில் இரும்புக் கம்பி. அந்தப் பட்டை எதற்கும் உதவவில்லை. கிச்சன் கப்போர்டு செய்கிற பி.வி.சி. ஷீட்டில் ஜன்னல் சட்டத்துக்கு அளவாக ஒரு துண்டு வாங்கி, நடுவில் 6 அங்குல வட்டம் அறுத்து, கம்பிக்கு உட்பக்கமாகப் பொருத்தினேன். குழாய் வாய் கம்பியைப் பார்த்து இருக்கும், காற்று கம்பிகளுக்கு நடுவே போய்விடும். பிளைவுட் போட வேண்டாம், ஈரத்தில் உப்பும். ஸ்குரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே வாங்குங்கள். முதலில் போட்ட சாதா ஸ்குரூவில் மூன்றாவது வாரமே துரு வடிந்து ஷீட்டில் கோடு விழுந்தது.

ஏப்ரல் 7, முதல் ராத்திரி

10:30-க்குப் போட்டேன். 33 டிகிரியில் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்தில் 29.5. அதற்குமேல் இறங்கவில்லை. ஈரம் 72. இயந்திரத்துக்கு நேர் எதிரே படுத்தால் சுகம், கட்டிலின் தலைமாட்டில் ஒன்றும் தெரியவில்லை. கூடவே குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையின் ஜாலியிலிருந்து ஒரு சாக்கடை வாடை அறைக்குள் வர ஆரம்பித்தது. இதுவரை இந்த வீட்டில் அப்படி வந்ததே இல்லை.

2:30-க்கு இயந்திரம் கூவி நின்றது. தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டது. உம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "என்ன வாப்பா, போட் இன்ஜின் நின்ன மாதிரி நின்னுடுச்சு?" என்றார்கள். சத்தமும் அப்படித்தான். கம்ப்ரஸர் அறைக்குள்ளேயே இருப்பதால் ஸ்பிளிட்டின் அமைதியை இதில் எதிர்பார்க்கக் கூடாது. அடியில் ரப்பர் பாய் போட்ட பிறகு தரையில் வருகிற அதிர்வு குறைந்தது.

ஏப்ரல் 11, தண்ணீர்

இந்தவகை இயந்திரம், சேர்கிற தண்ணீரைச் சூடான காயிலின் (சூட்டை வெளியேற்றும் உலோகச் சுருள்) மேல் தெளித்து, ஆவியாக்கிக் குழாய் வழியே வெளியே தள்ளும். ஈரம் குறைந்த ஊரில் தொட்டியை யாரும் தொடவே வேண்டாம். இங்கே அது சமாளிக்காது. பின்பக்க ரப்பர் அடைப்பானைக் கழற்றி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூபைச் செருகி, குளியலறைக்கு விட்டேன். முதல் நாள் தண்ணீர் போகவில்லை. வாசற்படியில் டியூப் ஏறி இறங்கியதுதான் காரணம். பழைய மணைப் பலகையை இயந்திரத்துக்கு அடியில் கொடுத்து உயர்த்தியதும் ஓட ஆரம்பித்தது.

அந்த ராத்திரி வாளியில் பிடித்து அளந்தேன். எட்டு மணி நேரத்தில் 9 லிட்டர். காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிழிய ஏறக்குறைய 0.7 கிலோவாட் மணி குளிர்ச்சி செலவாகும். 9 லிட்டருக்கு ஆறுக்கும் மேல். இயந்திரத்தின் உழைப்பில் ஒரு நல்ல பங்கு அறையைக் குளிர்விக்கப் போகாமல் காற்றை உலர்த்தப் போகிறது என்று அன்றைக்குத்தான் கணக்காகப் புரிந்தது. ஆனால் பூட்டிய அறையில் அத்தனை தண்ணீர் ஏது? வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால்தான் உண்டு.

தண்ணீரைக் கொட்டவில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு, காவிரிக் கூட்டுக் குடிநீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. இது உப்பில்லாத தண்ணீர். மாடியில் தொட்டியில் நிற்கிற கறிவேப்பிலைக்கும் வீடு துடைக்கவும் போகிறது. குடிக்கவோ சமைக்கவோ கூடாது, காயிலில் இருக்கிற தூசியெல்லாம் அதில் இறங்கும்.

ஏப்ரல் 18

வெள்ளிக்கிழமை மாலை உம்மா ஹாலில் சாம்பிராணி போட்டார்கள். அப்போது ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து டியூபைச் சரி செய்துகொண்டிருந்தேன். கதவின் அடி இடுக்கில் புகை வந்தது. சும்மா கசியவில்லை. வெள்ளைத் துணியை யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல, தரையோடு ஒட்டி, ஒரு முழம் தூரம் நேராக ஓடி வந்து, பிறகுதான் கலைந்தது. ஏசியை நிறுத்தினேன். புகை அந்த இடத்திலேயே நின்று மெதுவாக மேலே எழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி ஓடி வந்தது.

ஒற்றைக் குழாயின் கோளாறு முழுவதும் அந்த இடுக்கில் தெரிந்தது. இயந்திரம் தன் சூடான காயிலை ஆற்றுவதற்கு அறையின் காற்றையே எடுத்து, சூடேற்றி, வெளியே தள்ளுகிறது. என் இயந்திரத்தின் கையேட்டில் அது மணிக்கு சுமார் 300 கன மீட்டர் என்று போட்டிருக்கிறது. அறையின் மொத்தக் காற்றே 31 கன மீட்டர்தான். ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதையும் நானே வெளியே கொட்டுகிறேன், அதே அளவு வெக்கைக் காற்று கதவிடுக்கு, ஜன்னல் கீல், குளியலறை ஜாலி என்று கிடைத்த வழியில் எல்லாம் உள்ளே வருகிறது. சாக்கடை வாடையும் 9 லிட்டர் தண்ணீரும் வந்த வழி இதுதான். இடுக்குகளை அடைத்தால் தீராது. காற்று வெளியே போகிற வரைக்கும் உள்ளேயும் வந்தே தீரும்.

ஏப்ரல் 26, இரண்டாவது குழாய்

இயந்திரத்தின் பின்னால் இரண்டு சல்லடை. மேலே உள்ளது அறைக் காற்றைக் குளிர்விக்க எடுப்பது, கீழே உள்ளது காயிலை ஆற்ற எடுப்பது. கீழ்ச் சல்லடைக்கு மட்டும் வெளிக்காற்றைக் கொடுத்துவிட்டால் அறைக்காற்று அறையிலேயே இருக்கும்.

ஏசி வந்த அட்டைப்பெட்டியையே வெட்டி, கீழ்ச் சல்லடையை மூடுகிற அளவுக்கு ஒரு கூடு செய்தேன். அதில் 6 அங்குல வட்டம். ஹார்டுவேர் கடையில் கிச்சன் சிம்னி பைப் கிடைக்கும், அதில் ஒரு துண்டு. பி.வி.சி. ஷீட்டில் இரண்டாவது ஓட்டை. இரண்டு ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். நான் சூடு போவதை மேலேயும் காற்று வருவதைக் கீழேயும் வைத்தேன். உள்ளே இழுக்கும் குழாய் வெளியே தள்ளும் குழாயைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. காயிலுக்குக் காற்றுப் போதாவிட்டால் கம்ப்ரஸர் கெட்டுவிடும். வாரண்டி விஷயத்திலும் இது என் பொறுப்புதான் என்று ஒப்புக்கொண்டே செய்தேன்.

சூடான குழாய்க்கு வெள்ளிக் காகிதம் ஒட்டிய ஃபோம் சுற்றினேன். ஒன்றரை மீட்டர் குழாயின் மேற்பரப்பு ஏழு சதுர அடிக்கு மேல். அறைக்குள் அவ்வளவு பெரிய ஒரு அடுப்பு. முதலில் குழாய் முழு நீளத்துக்கு வளைந்து கிடந்தது, அதைச் சுருக்கி நேராக்கியதிலும் பலன் தெரிந்தது.

உம்மாவிடம் சாம்பிராணித் தட்டை வாங்கி மறுபடி கதவடியில் வைத்தேன். புகை நேராக மேலே போனது. ராத்திரி 12 மணிக்கு 27 டிகிரி, ஈரம் 56. வாளியில் விடியும்போது 5 லிட்டர். வாடை போய்விட்டது. கம்ப்ரஸர் இடையிடையே நின்று நின்று ஓடியது. முன்பு அது நின்றதே இல்லை.

மே, கரண்ட்

முன்பு ராத்திரிக்கு ஏறக்குறைய 9 யூனிட், இப்போது 6. மீட்டரில் படுக்கும்போதும் எழும்போதும் பார்த்து எழுதியது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். ஏசி இல்லாமல் எங்கள் வீடு 220 யூனிட். 60 நாளைக்கு 6 வீதம் 360 சேர்த்தால் 580. 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டின் விலையும் ஏறிவிடும். அதனால் விடியற்காலை 4 மணிக்கு நிற்கும்படி டைமர் வைத்தேன். அந்த நேரத்தில் தளம் ஆறியிருக்கும், ஃபேன் போதும். 26 டிகிரியில் வைத்து மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் உம்மாவுக்குக் கால் குடைச்சலும் வருவதில்லை. பில் 480-க்குள் நின்றது.

ஜூன் 9

சோழகக் காற்று, அதாவது தெற்கிலிருந்து அடிக்கிற காற்று, பிடித்துவிட்டது. எங்கள் ஜன்னல் தெற்கே கடலைப் பார்த்தது. காற்று பலமாக அடிக்கிற நேரங்களில் வெளியே தள்ளுகிற சூட்டை ஜன்னலுக்குள் திருப்பி அடிக்கிறது. குழாயில் கை வைத்தால் காற்று தயங்கித் தயங்கிப் போவது தெரியும். இரண்டு ராத்திரி 29-க்குக் கீழே போகவில்லை. ஷீட்டைக் கழற்றி வடக்கு ஜன்னலுக்கு மாற்றினேன், அளவு அரை அங்குலம் கூடுதல், ஓரத்தில் ஃபோம் பட்டை ஒட்டிச் சரி செய்தேன். கட்டிலையும் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. மறுபடி 27. வாடைக் காற்று வரும்போது தெற்குக்கே மாற்றிக்கொள்ளலாம், அப்போது ஏசி தேவையும் அவ்வளவாக இருக்காது.

ஜூன் 22

இரண்டாவது குழாய் வெளிக்காற்றை நேராகக் காயிலுக்குக் கொண்டுபோகிறது, அதாவது உப்பையும். முதலில் காயில்கள் இரண்டுமே வீட்டுக்குள் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயமாக இருந்தது. அதை நானே கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறேன். குழாய் வாயில் கொசுவலைத் துணி ஒன்றை இரண்டு மடிப்பாகக் கட்டியிருந்தேன். இன்று அவிழ்த்துப் பார்த்தால் வெள்ளையாகப் பொரிந்து, விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. நாக்கில் வைத்தால் உப்பு. நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்ததும் கட்டிவிட்டேன். இனி அறை ஃபில்டரைக் கழுவுகிற அதே பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதையும் கழுவ வேண்டும். அட்டைக் கூடு ஈரத்தில் ஓரம் தளர ஆரம்பித்திருக்கிறது. மிச்சம் கிடக்கிற பி.வி.சி. ஷீட்டில் அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பச் செய்கிறேன்.