திரும்பி வர்றதுக்கு ஒரு போர்டு

போன வருஷம் ஏப்ரல்ல ஃப்ரெண்டு ஒருத்தனோட பேடில் போர்ட, அதாவது மேல நின்னுக்கிட்டு துடுப்பு போடுற பலகைய, கடன் வாங்கிட்டு சென்னை பக்கத்துல முட்டுக்காடு பேக்வாட்டர்ல எறங்கினேன். பம்புல காத்தடிக்கிற டைப்புதான், பத்தரை அடி நீளம், 33 இஞ்ச் அகலம், மூக்கு சோத்துக்கரண்டி மாதிரி உருண்டையா இருக்கும். காலைல ஈசிஆர் பாலத்து பக்கத்துலருந்து உள்ள மேக்க பாத்து கெளம்பினேன், காத்தே இல்ல, தண்ணி கண்ணாடி மாதிரி, கொக்கு நாரைய பாத்துக்கிட்டு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு முக்கா மணி நேரத்துல நல்ல தூரம் போயிட்டேன், அட நமக்கு இவ்ளோ நல்லா வருதேன்னு ஒரு மெதப்பு வேற. அங்கயே கரையோரமா ரொம்ப நேரம் உக்காந்துட்டு பதினொன்னரைக்கு திரும்பினா, கடல்காத்து மூஞ்சிக்கு நேரா அடிக்குது. நாலு தள்ளு தள்ளினா ரெண்டு தள்ளு தூரம் பின்னால போகுது, மூக்கு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, இடது பக்கம் போட்டா வலது பக்கம் திரும்புது, வலது பக்கம் போட்டா உல்டா. வலை போட்டுக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்க பாத்துட்டு, "நிக்காத தம்பி, முட்டி போட்டு தள்ளு, உன் ஒடம்பே பாய் மாதிரி காத்த புடிக்குது" அப்படின்னாரு. முட்டி போட்டுதான் வந்து சேந்தேன், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, முட்டி ரெண்டும் ஒரு வாரம் செவந்து கெடந்துச்சு.

அன்னிக்கு ஒன்னு புரிஞ்சுது, போகும்போது எல்லா போர்டும் நல்ல போர்டுதான். திரும்பி வர்ற பாதிக்குதான் காசு கொடுத்து வாங்கணும். தூரமா போறதுக்குன்னே டூரிங் போர்டுன்னு தனியா ஒன்னு இருக்குன்னு தெரிஞ்சு தேட ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான், தேடினது மட்டும் நாலு மாசம், வீட்ல "ஏங்க, கல்யாணத்துக்கு பொண்ணு பாத்தப்ப கூட இவ்ளோ யோசிக்கலியே"ன்னு கேக்குற அளவுக்கு.

டூரிங்னா என்னன்னா, நீளம் ஜாஸ்தி, அகலம் கம்மி, மூக்கு கூர்மை. பதினொன்னரை அடில ஆரம்பிச்சு பதினாலு அடி வரைக்கும் வரும், அகலம் 28லருந்து 32 இஞ்ச். நீளம் கூடினா வேகம் கூடும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது பாதி உண்மைதான். படகுக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க, தண்ணில படுற நீளத்த அடில எடுத்து அதோட வர்க்கமூலத்த 1.34ஆல பெருக்கினா அதிகபட்சம் எத்தன நாட் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகத்துல சொகமா போகலாம்னு வரும். பத்தரை அடிக்கு 4.3, பன்னெண்டரை அடிக்கு 4.7. அவ்ளோதான் வித்தியாசம், அதுவும் என்ன மாதிரி ஆளு மூணு நாட்டுக்கு மேல போறதே இல்ல, அப்ப அந்த உச்ச வேகத்த வச்சு நான் என்ன பண்ண. நெஜமான லாபம் வேற எடத்துல இருக்கு. கூர் மூக்கு தண்ணிய தள்ளாம வெட்டிக்கிட்டு போகும், நீளமா இருக்குறதால நேரா போகும். ஃப்ரெண்டோட போர்டுல மூணு நாலு தள்ளுக்கு ஒரு தடவ பக்கம் மாத்தணும், இப்ப இருக்குறதுல எட்டு ஒம்போது தள்ளு ஒரே பக்கம் போடுறேன். ஒவ்வொரு தடவ பக்கம் மாத்தும்போதும் எதிர்காத்துல ஒரு நொடி நிக்கிறீங்க, அந்த ஒரு நொடிலதான் காத்து உங்கள பின்னால தள்ளுது, இத யாரும் விளம்பரத்துல சொல்றதில்ல.

அப்ப பதினாலு அடியே வாங்கிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஒன்ன ட்ரை பண்ணி பாத்தேன், நேர்கோட்டுல போகும்போது ஆஹான்னு இருக்கு, ஆனா 28 இஞ்ச் அகலத்துல 86 கிலோ ஒடம்ப வச்சுக்கிட்டு நிக்கிறது சர்க்கஸ், சைடு காத்து அடிச்சா அந்த நீளத்த திருப்புறதும் பெரிய பாடு. 12 அடி 6 இஞ்ச் நீளம், 31 இஞ்ச் அகலம்னு முடிவு பண்ணேன். அறுவது எழுவது கிலோ ஆளுங்களுக்கு 29, 30 போதும், கூட டென்ட் அரிசி பருப்புன்னு மூட்ட கட்டிட்டு போறவங்க 32 பாக்கலாம். கம்பெனி போடுற அதிகபட்ச எடைய மட்டும் அப்படியே நம்பாதீங்க. அந்த எடைல போர்டு முழுகாது, மெதக்கும், ஆனா ஓடாது. நான் அதுல மூணுல ரெண்டு பங்குதான் கணக்கு வச்சுக்கிறேன், ஒடம்பு, தண்ணி பாட்டில், பை எல்லாம் சேத்து.

காத்தடிக்கிற போர்டுன்னு சொன்னா இன்னும் நெறைய பேர் நீச்சல்குள மிதவைய நெனச்சுக்கிறாங்க. உள்ள மேல் துணிக்கும் கீழ் துணிக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான நூலு நெருக்கமா கோத்திருக்கும், ட்ராப் ஸ்டிச்னு பேரு, காத்து ஏற ஏற ரெண்டு பக்கமும் விரிய பாக்கும், நூலு இழுத்து புடிக்கும், அதுலதான் பலகை மாதிரி கெட்டியாகுது. இந்த வித்தைய வச்சு 1956லயே அமெரிக்கால குட்இயர் கம்பெனி காத்தடிச்சா எழுந்து நிக்கிற ஒரு விமானமே செஞ்சு பறக்க விட்டாங்க, நம்பலன்னா இன்ஃப்ளேட்டோப்ளேன்னு தேடி பாருங்க.

தடிமன் 6 இஞ்சுக்கு கீழ வாங்காதீங்க, டூரிங்குக்கு. நாலே முக்கா இஞ்ச் போர்டும் விக்குறாங்க, தண்ணிக்கு பக்கமா நிக்கலாம், காத்து கம்மியா புடிக்கும், ஆனா நீளமான போர்டுக்கு நடுவுல ஆளு நின்னா வாழப்பழம் மாதிரி வளையும். வளைஞ்சா மூக்கும் வாலும் தூக்கிக்கும், நீளத்துக்கு கொடுத்த காசு தண்டம். அடுத்தது வெளித்தோல் பிவிசி எத்தன லேயர், எப்படி ஒட்டிருக்காங்கங்கிறது. ஒரே லேயர் இருந்தா எட்டு ஒம்போது கிலோல முடிஞ்சிரும், ஆனா தொய்யும், ரெண்டு லேயர கையால பசை போட்டு ஒட்டினது கெட்டி ஆனா வெயிட்டு ஏறும், ஃபேக்டரிலயே சூட்டுல சேத்து ஒட்டி வர்றதுதான் வெயிட்டு கம்மியாவும் கெட்டியாவும் இருக்கு. ரெட், ஸ்டார்போர்ட், ஐராக்கர், அக்வா மரினா, டெகத்லானோட இட்டிவிட்னு எல்லா கம்பெனி போர்டோட ஸ்பெக்கும் எக்ஸெல்ல போட்டு வச்சிருந்தேன். கடைசில எத வாங்கினேன்னு சொல்லல, சொன்னா காசு வாங்கிட்டு எழுதுறான்னு கமென்ட் வரும். வாங்குறதுக்கு முன்னாடி முடிஞ்சா ஒரு டெஸ்ட் பண்ணுங்க, முழு பிரஷர்ல காத்தடிச்சு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் சேர் போட்டு மேல வச்சு நடுவுல ஒரு ஆள உக்கார வச்சு எவ்ளோ தொய்யுதுன்னு பாருங்க. நான் மச்சான உக்கார வச்சேன், அவன் 94 கிலோ, கோவிச்சுக்கிட்டான் ஆனா உக்காந்தான்.

பிரஷர் 15 பிஎஸ்ஐன்னு போட்டிருந்தா 15 அடிக்கணும், 10ல நிறுத்தினீங்கன்னா மேல சொன்ன எதுவும் செல்லாது. பிரச்ன என்னன்னா கைபம்புல 10க்கு மேல ஒவ்வொரு அமுக்கும் தண்டால் மாதிரி. ஆரம்பத்துல மீட்டர் முள்ளு அசையவே அசையாது, ரிப்பேருன்னு நெனச்சு முதல் நாள் கழட்டியே பாத்துட்டேன், உள்ள ஓரளவு காத்து கட்டினாதான் அது எழுந்திருக்கும். அத விட பெரிய கூத்து, வால்வு நடுவுல ஒரு பின் இருக்கும், அமுக்கி திருப்பினா மேலயும் கீழயும் போகும், அது மேல வந்திருக்கணும். நான் கீழ விட்டுட்டு வேர்க்க விறுவிறுக்க 15 வரைக்கும் அடிச்சு ஹோஸ கழட்டினேன் பாருங்க, புஸ்ஸுன்னு ஒரு சத்தம், பார்க்கிங்ல தூங்கிட்டு இருந்த நாயெல்லாம் எழுந்து ஓடிருச்சு. கார்ல 12 வோல்ட்ல ஓடுற எலக்ட்ரிக் பம்ப் அந்த வாரமே ஆர்டர் பண்ணேன். பத்து நிமிஷத்துல அதுவே அடிச்சு நிறுத்திரும், அதுக்குள்ள சன்ஸ்க்ரீன் தடவி லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கலாம்.

ஃபின், அதாவது போர்டுக்கு அடில வால் பக்கம் மாட்டுற மீன் செட்ட மாதிரி ஒன்னு, அந்த விஷயத்துல நான் ஏமாந்தேன். கூட வந்தது 9 இஞ்ச் நீட்டு ஃபின், ஆழமான தண்ணிக்கு பிரமாதம், ஆனா நம்ம பேக்வாட்டர்ல மணல்திட்டு எங்க இருக்கும்னு தெரியாது, முழங்கால் ஆழத்துல ஃபின் தட்டி நின்னுச்சு, நான் மட்டும் நிக்கல. இப்ப பின்னால சாஞ்ச மாதிரி ஒரு குட்ட ஃபின் போட்டிருக்கேன், பாசியும் பிளாஸ்டிக் பையும் கூட அதுல சிக்காம வழுக்கிட்டு போயிரும். அதனால போர்டு வாங்கும்போது ஃபின் சொருகுற எடம், ஃபின் பாக்ஸ், பொதுவான யுஎஸ் டைப்பான்னு பாருங்க, கம்பெனிக்குன்னு தனி மாடல்னா வேற ஃபின் வாங்கவே முடியாது. துடுப்பு, அது தனி பதிவு. ஒன்னு மட்டும், பிளேடு சாஞ்சிருக்குற பக்கம் முன்னால பாத்து இருக்கணும், பாதி பேரு திருப்பி புடிக்கிறாங்க.

சென்னை வெயில பத்தி சொல்லாம முடியாது. காலைல 27 டிகிரில 15 பிஎஸ்ஐ அடிச்சு போர்ட வெயில்ல போட்டுட்டு டீ குடிக்க போனீங்கன்னு வைங்க, உள்ள காத்து 57 டிகிரிக்கு சூடானா பிரஷர் 18க்கு போயிரும், இது பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ்தான். கருப்பு கலர் போர்டுன்னா அந்த சூடு ஈசியா வந்துரும். கரைல வைக்கிறதா இருந்தா நெழல்ல வைங்க, இல்ல கொஞ்சம் காத்த எறக்கி விடுங்க. உப்புத்தண்ணில போட்டத நல்லதண்ணில கழுவி காய வச்சுதான் சுருட்டணும், இல்லன்னா பைய தொறந்ததும் கருவாட்டு வாசன வரும். ஒரு நாள் கரைல வச்சு காய போட்டுட்டு காத்த தொறந்து விட்டப்ப அதே பெரியவர் வந்து நின்னாரு. "நாங்க கட்டுமரத்த கட்டு அவுத்து காய வைப்போம், நீ காத்த அவுத்து வுடுறியாப்பா"ன்னு சிரிச்சாரு. நின்னுக்கிட்டு துடுப்பு போடுறது ஏதோ புது ஸ்போர்ட்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன், அவங்க ஊர்ல அதுக்கு பேரே கெடையாது, வேலைக்கு போறது அவ்ளோதான்.

கடல்ல எறங்கலாமான்னு அவர்கிட்ட கேட்டேன். காலைல மேக்காத்து அடிச்சா எறங்கவே எறங்காத, கரையோரம் தண்ணி அமைதியாதான் தெரியும், உள்ள தள்ளிட்டு போயிரும்னாரு. காத்தடிச்ச போர்டு தண்ணிக்கு மேல தக்க மாதிரி நிக்கிறதால நமக்கு அது ரெண்டு மடங்கு உண்மை. அமைதியான தண்ணில சுருள் லீஷ், அதாவது போர்டயும் கால்லயும் சேத்து கட்டுற கயிறு, எப்பவும் கால்ல இருக்கும், போர்டு போச்சுன்னா மெதக்குறதுக்கு வேற ஒன்னும் இல்ல. ஆத்துல, ஓட்டம் இருக்குற தண்ணில மட்டும் கால்ல கட்டாதீங்க, எங்கயாச்சும் சிக்கினா தலைய மேல தூக்க முடியாது, இடுப்புல மாட்டி இழுத்தா அவுருற மாதிரி பெல்ட் கெடைக்குது.

போன மாசம் அதே ரூட்டு, அதே மாதிரி லேட்டா திரும்பினேன், வேணும்னேதான். காத்து அன்னிக்கு மாதிரியேதான் இருந்துச்சு. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆச்சு, கடைசி கால் மணி நேரம் மட்டும் முட்டி போட்டேன்.